பிரெய்ரிச் சிற்றூர்களின் அருங்காட்சியகங்கள்: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வினிபெக்கிலிருந்து கால்கரி வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் அந்த வழியில் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை பான்ஃப் மலைகளை மனத்தில் வைத்து, நடுவில் இருக்கும் பிரெய்ரிச் சமவெளியைத் தூங்கியே கடந்துவிடுகின்றன. அந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் ஓர் அருங்காட்சியகம் உண்டு. சில பழைய ரயில் நிலையத்தில் இருக்கும், சில ஓரறைப் பள்ளிக்கூடத்தில், சில ஐஸ் ஹாக்கி அரங்கின் அடித்தளத்தில். மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

பெருநகர அருங்காட்சியகத்தில் நிற்கும் கதிரறுப்பு இயந்திரம் எந்த வயலில் ஓடியது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். சிற்றூரில் அந்த வயல் பக்கத்திலேயே இருக்கும். அதை ஓட்டியவரின் பேத்தியே சாவியோடு வந்து கதவைத் திறந்துவிடவும் கூடும். பொருளும் அது இருந்த நிலமும் பிரியாமல் இருப்பதுதான் இந்த இடங்களின் பெருமை. ஆகவே அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதியைத்தான் பார்த்ததாகும். உள்ளே பார்த்ததை வெளியே நிலத்தில் தேடுவதற்கும் நேரம் வைத்துக்கொண்டு போகவேண்டும்.

முதலில் காலம். இவற்றில் பல, மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமையில் வரும் விக்டோரியா தினத்தை ஒட்டித் திறந்து, செப்டம்பர் முதல் திங்களான தொழிலாளர் தினத்தோடு மூடிவிடும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் மட்டும் திறப்பவையும் நிறைய. கட்டடத்துக்கு வெப்ப வசதி இருக்காது. பனிக்காலத்தில் வெளியே மைனஸ் 30 டிகிரி. இன்னொரு காரணம் ஆட்கள். கோடையில் கல்லூரி மாணவர் ஒருவரையோ இருவரையோ அரசு உதவித்தொகையில் வேலைக்கு வைத்திருப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் படிப்புக்குத் திரும்பியதும், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நடைமுறையில் நேரம் சுருங்கிவிடும். எனவே முந்தைய நாளே தொலைபேசியில் அழைத்துவிடுங்கள். பூட்டிய கதவில் ஒரு தொலைபேசி எண் ஒட்டியிருந்தால் தயங்காமல் அழையுங்கள், அது அதற்காகத்தான் இருக்கிறது. ஊரிலேயே இருக்கும் தன்னார்வலர் சற்று நேரத்தில் வந்துவிடுவார். இப்படித் தனியாகத் திறந்து காட்டும்போது கிடைக்கும் விளக்கம் வழக்கமான நேரத்தில் கிடைப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். சஸ்காச்சுவானின் பெரும்பகுதி கோடைக்காக நேரத்தை மாற்றுவதில்லை. கோடையில் அதன் நேரமும் ஆல்பர்ட்டா நேரமும் ஒன்றுதான். மானிட்டோபா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கிழக்கு நோக்கிப் போகிறவர்கள் மானிட்டோபா எல்லையைத் தாண்டியதும் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள். மாலை 5 மணிக்கு மூடும் இடத்துக்கு 4:15 என்று நினைத்துப் போய் 5:15-க்கு நிற்பது இப்படித்தான்.

உள்ளே போனதும் பொருள்களைப் பார்க்கும் முன் அவற்றின் விவரச் சீட்டுகளைப் படிக்கப் பழகுங்கள். பழைய சீட்டுகளில் 'என்டபிள்யூ 14-22-9 டபிள்யூ2' என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். அது நில முகவரி. 1870-களில் தொடங்கிய அளவீட்டில் பிரெய்ரி முழுவதும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரமாக, 640 ஏக்கர் கொண்ட 36 செக்‌ஷன்கள். செக்‌ஷனில் கால் பங்கு குவார்ட்டர், 160 ஏக்கர். 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்திக் குடியேறியவருக்குக் கிடைத்தது இந்தக் குவார்ட்டர்தான்: மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கே வாழ்ந்து, நிலத்தை உழுது, வீடு கட்டிக் காட்டினால் பட்டா.

மேலே சொன்ன குறிப்பைப் பிரித்தால்: வடமேற்குக் குவார்ட்டர், 14-ஆம் செக்‌ஷன், 22-ஆம் டவுன்ஷிப், 9-ஆம் ரேஞ்ச், இரண்டாம் மெரிடியனுக்கு மேற்கே. டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே எண்ணப்படுகிறது. எனவே 22 என்றால் எல்லைக்கு வடக்கே 200 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டிய இடம். ரேஞ்ச் என்பது வடக்கு-தெற்காகப் போகும் டவுன்ஷிப் வரிசை; மெரிடியன் என்ற வடக்கு-தெற்குக் கோட்டிலிருந்து மேற்கே எண்ணப்படுகிறது. இரண்டாம் மெரிடியன் 102 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை, மூன்றாவது 106, நான்காவது 110, அதுவே ஆல்பர்ட்டா எல்லை, ஐந்தாவது 114, கால்கரி வழியே போவது. செக்‌ஷன் எண்ணில்தான் பலர் தவறுகிறார்கள். தென்கிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போகும். மேல் வரிசை 7-இல் மேற்கிலிருந்து தொடங்கித் திரும்பிக் கிழக்கே வரும். அடுத்தது மறுபடி மேற்கே. ஏர் உழும் சால் போல மாறி மாறிப் போய் வடகிழக்கு மூலையில் 36-இல் முடியும். எல்லா வரிசையையும் ஒரே திசையில் எண்ணினால் பல மைல் தள்ளிப் போய் நிற்பீர்கள். இந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டால் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஒரு தபால் முத்திரையையோ வெண்ணெய் அச்சையோ அது வந்த குவார்ட்டர் வரை தொடரலாம். மாகாணக் கிராமச் சாலைகள் இதே கட்டத்தின் மேல்தான் போடப்பட்டிருக்கின்றன.

இயற்கை வரலாற்றுக்கு இரண்டு ஊர்களைச் சொல்வேன். ஒன்று, தென்மேற்கு சஸ்காச்சுவானில் ஃபிரெஞ்ச்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஈஸ்டெண்ட். 1991 ஆகஸ்ட் 16 அன்று, அருங்காட்சியக ஆய்வாளர்களோடு களத்துக்குப் போயிருந்த ராபர்ட் கெப்ஹார்ட் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு பல்லின் அடிப்பகுதியையும் வால் எலும்பையும் கண்டார். அதுதான் 'ஸ்காட்டி' என்ற டிரனோசரஸ் ரெக்ஸ். 1994-இல் தோண்டத் தொடங்கினார்கள். எலும்புகள் இரும்புச் சத்து கலந்த கடினமான மணற்பாறையில் சிக்கியிருந்ததால் பாறையை நீக்குவதற்கே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. 2019-இல் வெளியான ஆய்வு அதன் எடையை ஏறக்குறைய 8,870 கிலோ என மதிப்பிட்டது; நீளம் சுமார் 13 மீட்டர். ஈஸ்டெண்டில் மலைச்சரிவுக்குள் பதிந்தாற்போல் கட்டிய டி. ரெக்ஸ் டிஸ்கவரி சென்டரில் இந்தக் கதையைப் பார்க்கலாம். ரெஜைனாவில் இருக்கும் ராயல் சஸ்காச்சுவான் மியூசியத்திலும் ஸ்காட்டியின் முழு வார்ப்பு நிற்கிறது. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஈஸ்டெண்டுக்கே போங்கள். கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் பள்ளத்தாக்கின் சரிவிலேயே அந்தப் பாறை அடுக்குகள் தெரியும்: கீழே டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலத்தின் ஃபிரெஞ்ச்மன் அடுக்கு, மேலே அவை அழிந்த பின் படிந்த ரேவன்ஸ்கிராக் அடுக்கு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேரழிவின் எல்லை, நிலக்கரிப் படலத்தின் அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வெளிர் களிமண் கோடாக இந்தப் பகுதியில் சில இடங்களில் தெரிகிறது. சரியான இடத்தைச் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது யாருடைய மேய்ச்சல் நிலத்திலாவது இருக்கும், அனுமதி வேண்டும்.

இரண்டாவது, தெற்கு மானிட்டோபாவில் மோர்டன். அங்கிருக்கும் கனேடியன் ஃபாசில் டிஸ்கவரி சென்டர், ஊர்ப் பொது அரங்கின் கீழ்த்தளத்தில் இருப்பதால் வெளியிலிருந்து பார்த்தால் அருங்காட்சியகம் என்றே தெரியாது. உள்ளே 'புரூஸ்' கிடக்கிறது: 13 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள மோசசார், அதாவது கடலில் வாழ்ந்த ராட்சதப் பல்லி. 1974-இல் அருகில் உள்ள தார்ன்ஹில் பக்கத்தில் கிடைத்தது. காட்சியில் இருக்கும் மோசசார்களில் உலகிலேயே பெரியது எனக் கின்னஸ் பதிவு உண்டு. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே ஒரு உள்நாட்டுக் கடல் இருந்தது. மேற்கே எரிமலைகள் கக்கிய சாம்பல் அந்தக் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து பென்டோனைட் களிமண்ணானது. அந்தக் களிமண்ணை வெட்டியெடுக்கச் சுரங்க நிறுவனங்கள் பள்ளம் தோண்டியபோதுதான் எலும்புகள் வெளிப்பட்டன.

இந்தக் களிமண்ணோடு சேர்ந்து கிடக்கும் கறுப்புக் களிப்பாறையிலிருந்து வரும் எலும்புகளுக்கு ஒரு நோய் உண்டு. உள்ளே இருக்கும் பைரைட் என்ற இரும்புக் கனிமம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மாறி, பருத்து, எலும்பை வெடிக்க வைக்கும். எலும்பின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, லேசாகக் கந்தக வாடை அடித்தால் அதுதான். கூடத்தின் மூலையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரைந்துகொண்டிருப்பது இதைத் தடுக்கத்தான்.

அதே பென்டோனைட் உங்கள் வண்டிக்கும் எதிரி. தண்ணீர் பட்டால் அது ஊதிச் சோப்புப் போல வழுக்கும். பிரெய்ரிக்காரர்கள் கம்போ என்று சொல்லும் இந்த வகைக் களிமண் சாலைகளில், மழை பெய்த அன்று சரளைக்கல் போடாத பாதை எதிலும் இறங்காதீர்கள். நான்கு சக்கர இழுவை இருந்தாலும் பயனில்லை: மண் சக்கரத்தில் ஒட்டிக் கனமாகி மட்கார்டு வரை அடைத்துவிடும். ஒரு நாள் வெயில் அடித்தால் அதே பாதை கல்லாகிவிடும். சரளைச் சாலையில் எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். கண்ணாடியைத் தெறிக்க வைப்பது பெரும்பாலும் எதிர்வண்டி கிளப்பும் கல்தான். டேங்க் பாதிக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் பங்க் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி எலிவேட்டர்கள். பிரெய்ரியின் அடையாளமான அந்த உயர்ந்த மரத் தானியக் கிடங்குகள் 1930-களில் 5,700 வரை இருந்தன. குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிப் போய் அன்றே வீடு திரும்பும் தூரத்துக்கு ஒன்று என்று ரயில் பாதை நெடுகக் கட்டினார்கள். கிளைப் பாதைகள் மூடப்பட்டு, 1995-இல் தானிய ரயில் கட்டணத்துக்கான மானியமும் முடிந்ததும் கான்கிரீட் முனையங்கள் வந்தன. மரக் கிடங்குகளை வேகமாக இடித்தார்கள். மேற்கு மானிட்டோபாவில் இங்லிஸ் என்ற சிற்றூரில் மட்டும் ஐந்து மரக் கிடங்குகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. 1922-க்கும் 1941-க்கும் இடையில் கட்டியவை, இப்போது தேசிய வரலாற்றுச் சின்னம். ஆல்பர்ட்டாவின் நான்டனிலும் எலிவேட்டர் அருங்காட்சியகம் உண்டு.

உள்ளே போனால் தானியம் போன வழியிலேயே நீங்களும் போங்கள், அப்போதுதான் புரியும். வண்டி சரிவில் ஏறி எடைமேடையில் நிற்கும். நிறை எடை பார்த்ததும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்க்க, தானியம் தரையிலுள்ள கம்பிச் சட்டம் வழியே கீழே குழியில் விழும். காலி வண்டியை மறுபடி எடை போடுவார்கள். இதற்கிடையில் எலிவேட்டரை நடத்தும் ஏஜென்ட் ஒரு கைப்பிடித் தானியத்தை மாதிரியாக எடுத்து அளவுச் சல்லடையில் சலித்து, களை விதை, உமி எவ்வளவு என்று பார்ப்பார். அதன் பெயர் டாக்கேஜ். அந்த அளவு எடையில் கழியும். உழவர்களின் கசப்பெல்லாம் இந்தச் சல்லடையைச் சுற்றித்தான் இருந்தது. கூட்டுறவு எலிவேட்டர்கள் எழுந்ததற்கும் அது ஒரு காரணம். குழியிலிருந்து 'லெக்' என்ற பட்டை, அதில் பூட்டிய கிண்ணங்களில் தானியத்தை உச்சிக்கு அள்ளிச் செல்லும். உச்சியில் ஒரு திருப்புக்குழாய், கீழே ஏஜென்ட் திருப்பும் சக்கரத்துக்கு ஏற்ப, வேண்டிய அறைக்குள் அதைக் கொட்டும்.

சுவரைப் பாருங்கள். பலகைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். தானியம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். சட்டமும் பலகையுமாகக் கட்டிய சாதாரணச் சுவர் பிதுங்கிவிடும். எஞ்சின் ஏன் தனிக் கட்டடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். காற்றில் மிதக்கும் தானியத் தூசி ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் எஞ்சினை அலுவலகத்தோடு சேர்த்துத் தள்ளி வைத்துப் பட்டை வழியே விசையைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் எண்ணெய் வற்றிச் சூடேறிய பேரிங்குகளால் எரிந்தவை ஏராளம்.

வீட்டுச் சாமான்கள் ஊருக்கு ஊர் ஒன்றுபோலத்தான் இருக்கும், வேகமாகக் கடக்கலாம். பாலேடு பிரிக்கும் இயந்திரத்திடம் மட்டும் நில்லுங்கள். கைப்பிடியில் சிறு மணி இருக்கும். வேகம் போதாதவரை அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒலிக்கும்; சரியான வேகம் வந்ததும் அடங்கிவிடும். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தகரத் தட்டுகளைத் தினமும் கழுவி, வரிசை மாறாமல் திரும்பக் கோக்க வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளைகளின் வேலை. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வீட்டில் புழங்கிய ரொக்கம், பாலேடு விற்று வந்த காசுதான்.

பாடம் செய்த பறவைகள், விலங்குகள் இருக்கும் அலமாரியைப் பலர் புழுதி படிந்த பழசு என்று தாண்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மூலை அதுதான், ஏனென்றால் இந்த நிலத்தில் எது இருந்தது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. 'பிரெய்ரி சிக்கன்' என்ற சீட்டு இருந்தால் உற்றுப் பாருங்கள். கூரான வாலும், மார்பில் வி வடிவப் புள்ளிகளும் இருந்தால் அது இன்றும் இங்கே வாழும் ஷார்ப்-டெய்ல்டு கிரவுஸ். ஊர்வழக்கில் அதையும் பிரெய்ரி சிக்கன் என்பார்கள். வால் குட்டையாக வட்டமாக, மார்பு முழுக்கக் குறுக்குக் கோடுகளாக, ஆணுக்குக் கழுத்தில் நீண்ட இறகுகளும் இருந்தால் அது உண்மையான பிரெய்ரி சிக்கன். கனடாவிலிருந்தே அது மறைந்துவிட்டது. அப்படி ஒன்றைக் கண்டால், பிடித்த இடமும் ஆண்டும் தெரியுமா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். வூப்பிங் கொக்கு இருந்தாலும் அப்படியே: 1941-இல் உலகத்திலேயே இருபத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தன. கண்ணாடி இல்லாத பழைய உருவங்களைக் குழந்தைகள் தொட விடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்கத் தோலில் ஆர்செனிக் பூசுவது அந்நாளைய வழக்கம். காலடியில் மெல்லிய தூளும் பூச்சிக் கூடுகளும் தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கம்பள வண்டு பிடித்திருக்கும். பொருளை உறையிலிட்டு மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது உறைய வைத்தால் காப்பாற்றலாம்.

அம்புமுனைப் பலகையும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. 1930-களின் வறட்சியில் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போனபோது வெளிப்பட்டவற்றை உழவர்கள் பொறுக்கி, நட்சத்திரம் போலவும் சூரியன் போலவும் பலகையில் ஒட்டினார்கள். எது எங்கே கிடைத்தது என்ற செய்தி அத்தோடு போயிற்று. இருந்தாலும் கல்லைப் பார்த்துச் சில செய்திகளைச் சொல்லலாம். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் பழுப்புக் கல் என்றால் அது பெரும்பாலும் வடக்கு டகோட்டாவின் நைஃப் ரிவர் கல். கறுப்புக் கண்ணாடி போன்ற அப்சிடியன் என்றால் மேற்கு மலைகளிலிருந்து கைமாறி வந்தது. மிக மெல்லிய சிறிய முனைகள் வில்லுக்கானவை, பெரியவை ஈட்டிக்கும் எறிகோலுக்கும். இடுப்பில் பள்ளம் செதுக்கிய உருண்டைக் கல், உலர்ந்த காட்டெருமை இறைச்சியை இடிக்கும் சுத்தியல். அந்த இறைச்சித் தூளில் கொழுப்பும் சஸ்காட்டூன் பழமும் கலந்தால் பெமிக்கன்.

இந்தப் பலகைகளோடு முதற்குடிகளின் வரலாறு முடிந்துவிட்டதுபோல் பல அருங்காட்சியகங்கள் நடந்துகொண்டன. வரலாறு குடியேறியவர்களோடு தொடங்குவதாகச் சுவர்கள் சொல்லும். அது தவறு. அதனால் முதற்குடிகளே நடத்தும் இடம் ஒன்றையாவது பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட்டாவில் குளூனி ஊருக்கு அருகே, 1877-இல் ஏழாம் உடன்படிக்கை கையெழுத்தான இடத்திலேயே சிக்சிக்கா மக்கள் பிளாக்ஃபுட் கிராசிங் மையத்தை நடத்துகிறார்கள். தலைவர் கிரோஃபுட்டின் உடைகளும் சடங்குப் பொருள்களும் நூறாண்டுக்கு மேல் இங்கிலாந்தின் எக்ஸிடர் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு 2022-இல் இங்கே திரும்பின. இத்தகைய இடங்களில் சில பொருள்களைப் படம் எடுக்கக் கூடாது, கேட்டுவிட்டு எடுங்கள். சீனர்கள் நடத்திய உணவகம் இல்லாத பிரெய்ரி ஊர் அரிது. ஆனாலும் அவர்களுக்கு ஒரு மூலை ஒதுக்கிய அருங்காட்சியகம் குறைவு. 1903 முதல் ஒவ்வொருவரும் 500 டாலர் தலைவரி கட்டி வந்தவர்கள், 1923 முதல் 1947 வரை குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்த உணவகத்தின் பட்டியலட்டை எங்காவது தொங்கினால் நின்று படியுங்கள்.

எங்கே போனாலும் ஊர் வரலாற்று நூலைக் கேட்டுப் பாருங்கள். சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் 75-ஆம் ஆண்டை ஒட்டி 1980 வாக்கில் அங்கே ஊருக்கு ஊர் தடித்த புத்தகம் போட்டார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் தாங்களே எழுதிக் கொடுத்தது, நில முகவரியோடு. சீட்டில் பெயர் இருந்தால் இந்த நூலில் மிச்சம் இருக்கும். நுழைவுக் கட்டணம் சிறிது. பல இடங்களில் உண்டியல் மட்டுமே. அட்டை இயந்திரம் இருக்காது என்று வைத்துக்கொண்டு 5, 10 டாலர் தாள்கள் கொண்டுபோங்கள். விருந்தினர் ஏட்டில் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த எண்ணிக்கையைத்தான் காட்டுவார்கள்.

வெளியே நடக்கும்போது எலும்பு போல ஏதாவது கண்ணில் பட்டால்: வெட்டு முகத்தில் கடற்பஞ்சு போன்ற நுண்துளைகள் இருந்தால் அது கல்லாகிய எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தோண்டாதீர்கள். மூன்று மாகாணங்களிலும் உரிமம் இல்லாமல் தோண்டுவது சட்டப்படி குற்றம். ஆல்பர்ட்டாவில் நிலத்துக்குரியவர் அனுமதித்தால் மேற்பரப்பில் கிடப்பதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் உரிமை மாகாணத்தினுடையது, அனுமதியின்றி விற்கவோ மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகவோ முடியாது. பூங்காக்களில் அதுவும் கிடையாது. ஒரு நாணயத்தையோ பேனாவையோ பக்கத்தில் வைத்து அளவு தெரியும்படி ஒரு படம், பின்னணிக் குன்றுகள் தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் இடக்குறிப்பைப் பதிந்துவிட்டு, பொருளை அப்படியே விட்டுவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் போய்ச் சொல்லுங்கள்.